ஓதம் ஏறாத கொட்டகைத் தளம்

தோட்டப்புறக் குடியிருப்புகளில் வீட்டின் பின்புறத்தே சிறு கொட்டகை ஒன்றை அமைத்துக் கொண்டுள்ள குடும்பங்கள் பல. மண்வெட்டி, பாராங்கத்தி, மிதிவண்டி, விறகு, கோழித் தீவனம், காய்கறிப் பாத்திக்கு இடும் உரம், சில வேளைகளில் மாதச் செலவுக்கு வாங்கிய அரிசி மூட்டை ஆகிய யாவும் அங்கேதான் வைக்கப்படுகின்றன. மழை ஒழுகாதவாறு கூரைக்குத் தகரம் இடுகிறோம். சாரல் அடிக்காதவாறு சுவருக்குப் பலகை அடிக்கிறோம். ஆயினும், தரையை மட்டும் வெறும் மண்ணாகவே விட்டுவிடுவது நம்மிடையே பெருவழக்காக உள்ளது.

இதனால் விளையும் இழப்பு சிறிது சிறிதாக வருவதால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உரமூட்டையின் அடிப்பகுதி கல்லாக இறுகிவிடுகிறது. தீவனத்தில் பூசணம் பூக்கிறது. அரிசியில் வாடை ஏறுகிறது. கத்தியும் மண்வெட்டியும் துருவேறுகின்றன. மரத்தூணின் அடியைக் கரையான் அரிக்கிறது. மண்தரையில் எலி வளை தோண்டுகிறது. எலியைத் தேடிப் பாம்பும் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணாலும் நீராலும் எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் பரவக்கூடும் என்பதையும் நாம் மறத்தலாகாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நல்ல தளம் ஒன்றை அமைப்பதற்கு ஆகும் செலவு வீண் செலவன்று என்பது விளங்கும்.

“சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் ஓதம் நின்றுவிடும்” என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். கான்கிரீட் உறுதியானது, ஆனால், அது தானாகவே நீரைத் தடுத்துவிடாது. ஓதத்தைத் தடுக்கும் வேலை கான்கிரீட்டின் மேலே அன்று, அதன் கீழேதான் செய்யப்படுதல் வேண்டும். தளம் இறுகிய பின்னர் அதன் அடியில் எதையும் செய்ய இயலாது. எனவே, எதை எந்த வரிசையில் செய்தல் வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்னரே தெளிவாக அறிந்து கொள்ளுதல் நலம்.

ஓதம் வரும் வழிகள் மூன்று

விளக்குத் திரியின் ஒரு முனை எண்ணெயில் இருக்க, மறுமுனை எரிகிறது. எண்ணெயை எவரும் மேலே ஏற்றுவதில்லை. திரியின் நுண்ணிய இடைவெளிகளே அதனை மேலே இழுத்துக் கொள்கின்றன. கோப்பியில் நுனியைத் தோய்த்த ரொட்டித் துண்டு மேற்புறமும் நனைந்துவிடுவதும் இவ்வாறே. மண்ணிலும் கான்கிரீட்டிலும் இத்தகைய நுண்துளைகள் நிறைந்துள்ளன. அவற்றின் வழியாக நிலத்தடி ஈரம் மேலேறுகிறது. இதுவே முதல் வழி.

இரண்டாவது வழி பக்கவாட்டில் வருவது. கூரையிலிருந்து வழியும் நீர் தரையில் மோதித் தெறிக்கிறது. மேட்டிலிருந்து வரும் மழைநீர் கொட்டகைக்குள் புகுகிறது. தளம் வெளித்தரையை விடத் தாழ்ந்தோ சமமாகவோ இருப்பின் இதனைத் தவிர்க்க முடியாது.

மூன்றாவது வழி காற்று. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. இரவில் குளிர்ந்த தரையின்மீது ஈரக்காற்றுப் படும்போது அது நீர்த்துளிகளாக மாறித் தரையை நனைக்கிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனாலேயே.

முதல் வழியைத் தடுப்பது தளத்தின் அடியில் இடும் பிளாஸ்டிக் விரிப்பு. இரண்டாவதைத் தடுப்பது தளத்தின் உயரமும் வடிகாலும். மூன்றாவதைத் தடுப்பது காற்றோட்டம். இம்மூன்றுள் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற இரண்டினால் முழுப்பயன் கிட்டாது. நம் முன்னோர் மண்தரையைச் சாணமிட்டு மெழுகினர். அது தூசியை அடக்கியது. ஆனால் ஓதத்தைத் தடுக்கவில்லை. மலாய்க் கம்பத்து மக்கள் வீட்டைத் தூண்களின்மீது உயர்த்திக் கட்டி, நிலத்துக்கும் தரைக்கும் உள்ள தொடர்பையே அறுத்தனர். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். தூணுக்குப் பதிலாகக் கல்லையும் விரிப்பையும் பயன்படுத்துகிறோம்.

முதற்கண் அனுமதி

தோட்டக் குடியிருப்பின் நிலம் நமக்குச் சொந்தமானதன்று. கொட்டகையைப் பிரித்து வேறிடம் கொண்டு செல்லலாம். கான்கிரீட் தளத்தைப் பெயர்த்துக் கொண்டு செல்ல இயலாது. தோட்டம் கைமாறினாலோ வேறு பயிருக்கு மாற்றப்பட்டாலோ, நாம் வேலையை விட்டு விலகினாலோ, நாம் செலவிட்ட பணம் அங்கேயே தங்கிவிடும். ஆகவே, நிருவாகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுதல் அவசியம். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எவ்வழியே செல்கின்றன என்பதையும் அப்போதே கேட்டறிந்து கொள்ளலாம்.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிடுதல் பொருந்தும். குடியிருக்கும் வீட்டின் தளமே ஓதமுற்றிருந்தால் அதைச் சீராக்கும் பொறுப்புத் தொழிலாளியுடையதன்று. 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 446-ஆவது சட்டம் தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்துள்ளது. முதலாளி வழங்கும் வீட்டை நல்ல நிலையில் பேணி வருவது முதலாளியின் கடமையாகும். அத்தகைய குறைகளை நிருவாகத்திடமும், தேவைப்படின் தொழிற்சங்கத்தின் வழியாகவும் தெரிவிக்கலாம். கொட்டகைக்கென ஒதுக்கிய பணத்தை வீட்டுத் தளத்தில் செலவிடுதல் வேண்டா.

தேவையான பொருள்கள்

10 அடி நீளமும் 8 அடி அகலமும், அதாவது ஏறத்தாழ 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவும் கொண்ட கொட்டகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்கு வேண்டியவை பின்வருமாறு:

உடைகல் அல்லது உடைந்த செங்கல் — 1 கன மீட்டர்.
விரிப்பின் அடியில் பரப்ப மணல் — 0.2 கன மீட்டர்.
1000 கேஜ் அல்லது அதனினும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு — 12 அடிக்கு 10 அடி.
சிமெண்டு — 50 கிலோ மூட்டை 5.
கான்கிரீட்டுக்கு மணல் — 0.35 கன மீட்டர்.
முக்கால் அங்குலச் சல்லிக்கல் — 0.7 கன மீட்டர்.
ஓரச் சட்டத்துக்குப் பலகைகளும் முளைகளும்.

மணல் தூயதாக இருத்தல் வேண்டும். கடல் மணலில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும். ஆதலின் அதனைத் தவிர்த்தல் வேண்டும். ஆற்று மணலாயினும் சோதித்துப் பார்ப்பது நன்று. கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மணலும் முக்கால் அளவுவரை நீரும் இட்டு நன்கு குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வைத்தல் வேண்டும். மறுநாள் மணலின்மேல் சேறு ஒரு படலமாகப் படிந்திருக்கும். அப்படலம் மணலின் உயரத்தில் 12-இல் ஒரு பங்குக்கு மேற்படின் மணலைக் கழுவிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

நிலத்தைப் பண்படுத்தல்

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வலுக்கும். இக்காலங்களைத் தவிர்த்து, மழை குறைந்த வாரங்களைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.

நான்கு மூலைகளிலும் முளையடித்து நூல் கட்டுக. மூலை சதுரமாக அமைந்துள்ளதா என்பதை அறிய எளிய வழியுண்டு. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் அளந்து குறியிடுக. அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருப்பின் மூலை செம்மையானது. மூலைவிட்டங்கள் இரண்டும் சம நீளமாக உள்ளனவா என்பதையும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுதல் நலம்.

பின்னர், மேல்மண்ணை 4 அங்குல ஆழத்துக்கு வெட்டி அகற்றுக. புல், வேர், அடிக்கட்டை ஆகியவற்றில் ஒன்றும் எஞ்சியிருத்தலாகாது. அவை மக்கும்போது மண் அமிழ்ந்து தளத்தில் பிளவு உண்டாகும்; கரையானுக்கும் அவை உணவாகும். இரப்பர் மரத்தின் பழைய வேர்கள் ஆழத்தில் தென்பட்டால் இன்னும் தோண்டி எடுத்து, பள்ளத்தைக் கல்லால் நிரப்புதல் வேண்டும். வெட்டிய மண்ணைக் காய்கறிப் பாத்திக்குப் பயன்படுத்தலாம். அடிமண்ணைத் திமிசுக் கட்டையால் நன்கு இடித்து இறுக்குக.

கல், மணல், விரிப்பு

அடுத்து, ஓரங்களில் பலகைகளை நிறுத்தி, வெளிப்புறம் முளையடித்து அசையாமல் நிலைப்படுத்துக. பலகையின் மேல்விளிம்பே தளத்தின் மேல்மட்டமாக அமையும். அது வெளித்தரையைக் காட்டிலும் 5 அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். ரசமட்டத்தைக் கொண்டு மட்டம் பார்த்து, வாசற்பக்கம் மட்டும் 1 அங்குலம் தாழ்வாக இருக்குமாறு அமைத்தால், உள்ளே சிந்திய நீர் தானே வெளியேறும்.

இப்போது உடைகல்லைப் பரப்பி இடிக்கலாம். ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்குக. இறுகியபின் கல்லடுக்கு 4 அங்குலத் தடிப்புடன் வெளித்தரையின் மட்டத்துக்கு வந்திருக்கும். கற்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிகளில் நீரால் திரியில் ஏறுவதுபோல் ஏற இயலாது. எனவே, இவ்வடுக்குச் சுமையைத் தாங்குவதோடு ஓதத்தைத் தடுக்கும் முதல் அரணாகவும் விளங்குகிறது. களிமண் கலந்த கல்லை இட்டால் இப்பயன் கெடும்.

கல்லின்மேல் 1 அங்குலம் மணல் பரப்பி மட்டப்படுத்துக. இம்மணலின் நோக்கம் ஒன்றே: கூரிய கல் எதுவும் விரிப்பைக் குத்திக் கிழிக்காமல் காப்பது.

அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இடுக. வேலை முழுமைக்கும் உயிர்நாடி இதுவே. கடையில் விலை குறைந்த மெல்லிய தாளும் கிடைக்கும். அதை வாங்குதல் கூடாது. காலில் மிதிபட்டவுடன் அது கிழிந்துவிடும். விரிப்பு நாற்புறமும் பலகையின் உட்பக்கமாக மேலேறி வெளியே நிற்குமாறு இருத்தல் வேண்டும். ஒரே துண்டாகக் கிடைக்காவிடில், இரு துண்டுகளை 1 அடி அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒட்டுநாடாவால் முழு நீளமும் ஒட்டுக. கிழிசல் தென்பட்டால் வேறொரு துண்டைப் பெரிதாக வெட்டி அதன்மேல் ஒட்டுதல் வேண்டும். விரிப்பின்மீது ஆணியடித்த காலணியுடன் நடத்தலாகாது. குழந்தைகளையும் கோழிகளையும் அப்பக்கம் வரவிடாமல் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும். ஒரு சிறு துளையும் ஈரத்துக்கு வாசலாகிவிடும்.

கொட்டகை முன்னரே எழுப்பப்பட்டு, அதன் தூண்கள் தரையில் ஊன்றப்பட்டிருந்தால், விரிப்பைத் தூணைச் சுற்றி நெருக்கமாக வெட்டித் தார் பூசி மூடுக. புதிதாக எழுப்புவதாயின் மரத்தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டா. தளம் இறுகியபின் அதன்மேல் தார்த்தாள் ஒன்றை இட்டு, இரும்புப் பட்டையால் தூணைப் பொருத்தினால் மரம் நெடுநாள் உழைக்கும்.

கான்கிரீட் கலத்தல்

1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு சல்லிக்கல் என்பதே கலவையின் அளவு. ஒரு தடவைக்கு அரை மூட்டைச் சிமெண்டு எடுத்துக் கொண்டால், 10 லிட்டர் வாளியில் மணல் மூன்றரை வாளியும் கல் ஏழு வாளியும் ஆகும். இத்தகைய பத்துக் கலவைகள் நம் தளத்துக்குப் போதுமானவை.

முதலில் சிமெண்டையும் மணலையும் உலர்ந்த நிலையிலேயே, நிறம் ஒன்றாகும் வரை புரட்டுக. பின்னர்க் கல்லைச் சேர்த்து மீண்டும் புரட்டி, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. மணல் காய்ந்திருந்தால் அரை மூட்டைக்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீர் போதும். மணல் ஈரமாயிருந்தால் அதனினும் குறைவு. வேலை எளிதாகும் என்று நீரை மிகுதியாக ஊற்றுவது பெருந்தவறு. மிகையான நீர் பின்னர் ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக எஞ்சும். தளம் வலுவிழப்பதோடு ஓதத்துக்கும் வழிவிடும். கலவையைக் கையுறை அணிந்த கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். நீராக வழிதல் கூடாது.

கையுறை என்று குறிப்பிட்டது காரணத்தோடுதான். ஈரச் சிமெண்டு தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் தன்மையுடையது. வலி உடனே தெரியாததால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரப்பர்க் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். தோலில் பட்டால் உடனே நீர்விட்டுக் கழுவுக. கண்ணில் தெறித்தால் நிறைய நீரால் கழுவிவிட்டு மருந்தகத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

தளம் முழுவதையும் ஒரே நாளில் போட்டு முடித்தல் வேண்டும். நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் சேருமிடத்தில் பிளவு தோன்றும். தனியொருவரால் இது ஆகாத வேலை. அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து கோத்தோங் ரோயோங் முறையில் ஈடுபட்டால் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். இன்று ஒருவர் கொட்டகைக்கு, அடுத்த விடுமுறை நாளில் மற்றவர் கொட்டகைக்கு என்று முறைவைத்துச் செய்யலாம்.

கலவையை வாசலுக்கு எதிர்ப்புறமிருந்து 4 அங்குலத் தடிப்பில் நிரப்பிக் கொண்டே வருக. மூலைகளிலும் ஓரங்களிலும் காற்றுக் குமிழி தங்காதவாறு நன்கு இடித்தல் வேண்டும். விரிப்பைக் குத்திவிடக்கூடிய கூரிய கம்பியை இதற்குப் பயன்படுத்தலாகாது. நேரான பலகையொன்றை இருவர் இருபுறமும் பிடித்து, ஓரப்பலகைகளின்மேல் வைத்து, வாளால் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்து வந்தால் தளம் மட்டமாகும். மேலே ஊறும் நீர் மறைந்தபின் மட்டப்பலகையால் தேய்த்து மெருகிடலாம். நீரை உறிஞ்சுவதற்கென உலர்ந்த சிமெண்டைத் தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு தூவிய படலம் சில மாதங்களில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

ஏழு நாள் ஈரம்

சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை; நீரோடு சேர்ந்து வினைபுரிவதாலேயே இறுகுகிறது. ஆகவே, வெயிலில் விரைவாக உலரவிட்டால் அது வலுப்பெறாமலே நின்றுவிடும். மறுநாளிலிருந்து ஏழு நாள்களுக்கு நனைத்த சாக்குகளால் தளத்தை மூடி, காலையும் மாலையும் நீர் தெளித்து வருதல் வேண்டும். முதல் நாள் மழை வரும்போல் தோன்றினால் பிளாஸ்டிக் தாளால் மூடுக. ஒரு நாள் கழிந்தபின் மெதுவாக நடக்கலாம். ஏழு நாள் கழித்து இலேசான பொருள்களை வைக்கலாம். மோட்டார் சைக்கிளும் கனத்த மூட்டைகளும் 28 நாள் வரை காத்திருத்தல் நன்று. பலகைகளைக் கழற்றியபின் வெளியே நிற்கும் விரிப்பைத் தளத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடலாம்.

தளம் உட்புறம் முழுவதும் உலரப் பல மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் காணும் ஈரம் நாம் ஊற்றிய நீரே என்பதை அறிந்து, தளம் கெட்டுவிட்டதென அஞ்சாதிருத்தல் வேண்டும்.

இறுதியாக, கூரையின் நீர் தளத்தின் ஓரத்தில் விழாதவாறு தாழ்வாரத்தை நீட்டுக. சுற்றிலும் சிறு வடிகால் வெட்டுக. அதில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். எனவே, நீர் ஓடி வெளியேறும் சரிவு வேண்டும். சுவரின் மேற்பகுதியில் எதிரெதிராகக் காற்று வழிகளை விட்டு, எலி நுழையாதவாறு கம்பிவலை அடித்தல் வேண்டும்.

பழைய தளமும் தற்காலிக வழியும்

விரிப்பின்றி ஏற்கனவே போடப்பட்ட தளம் ஈரமாயிருந்தால், முதலில் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். தரையைத் துடைத்து உலர்த்தி, 2 அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளொன்றை நான்கு ஓரங்களிலும் நாடாவால் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவைக்க. தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். காற்றோட்டத்தைப் பெருக்கினால் போதும். நிலத்து ஈரமாயின், தளத்தை உலர்த்தித் திரவத் தாரை இரு முறை குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, அதன்மேல் 1 பங்கு சிமெண்டும் 3 பங்கு மணலும் கலந்த சாந்தை 2 அங்குலத் தடிப்பில் இடலாம்.

அனுமதியோ பணமோ கிட்டாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. மண்தரையில் பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, அதன்மேல் செங்கற்களை அடுக்கி, தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில் பலகைத் தட்டு அமைக்கலாம். மூட்டைகளைச் சுவரிலிருந்தும் 6 அங்குலம் தள்ளி வைத்தால் காற்று உலவும். வேறிடம் செல்ல நேர்ந்தால் இவையனைத்தையும் உடன் எடுத்துச் செல்லலாம். எவ்வகைத் தளமாயினும் உணவுப் பொருளையும் களைக்கொல்லி மருந்தையும் ஒரே கொட்டகையில் வைத்தல் கூடாது.

தளத்தைப் பார்ப்பவர்களுக்கு மெருகிட்ட மேற்பரப்பு மட்டுமே தெரியும். அதன் கீழே உள்ள கல்லும் மணலும் விரிப்பும் எவர் கண்ணுக்கும் தெரியா. ஆயினும், அரிசி மூட்டையைக் காப்பவை அவையே. செலவைச் சுருக்க நேரின் மெருகில் சுருக்கலாம். விரிப்பில் சுருக்குதல் கூடாது. அடுத்த மழைக்காலம் வருமுன் நிருவாகத்தின் அனுமதியைப் பெற்று, அண்டை அயலாரோடு கலந்து பேசி, இப்பணியைத் தொடங்குவீர்களாக.